கலயத்துத் தண்ணீர் எத்தனை நாள்?

சித்திரை பிறந்ததும் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு சண்டை தொடங்கும். அத்தைக்கு வடகம் காயவைக்க வெயில் வேண்டும். எனக்குச் செடிகளைக் காப்பாற்ற நிழல் வேண்டும். மாடி ஒன்றுதான். தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் போக மிச்சமிருப்பதைத்தான் மாமியாரும் மருமகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். நான் முதன்முதலாக மாடி முழுக்கப் பச்சை நிழல்வலையை இழுத்துக் கட்டிய வருஷம், அத்தை கூழ்ச்சட்டியோடு படியேறி வந்து அண்ணாந்து பார்த்தார். "ஏம்மா, வெயிலயும் பூட்டி வச்சுட்டியா?"

மதுரை வெயிலைப் பூட்ட முடியுமா? அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முன்பே தார்ரோடு இளகத் தொடங்கிவிடுகிற ஊர் இது. அவரை எதிர்கொண்டு துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், பக்தியோடு கொஞ்சம் இரக்கமும் அதில் கலந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும். மலையிலிருந்து வந்தவர், பாவம், இந்த வெயிலில் மண்டகப்படி மண்டகப்படியாக நிற்கிறாரே என்று. மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கி 28 வாக்கில் முடியும். அந்த இருபத்தைந்து நாளும் எங்கள் மாடியில் புதிதாக எதையும் விதைப்பதில்லை. இருப்பதைக் காப்பாற்றினால் போதும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று கோடை ஆயிற்று.

முதல் கோடையில் மிளகாய் நாற்று இருபது செத்தது. மதியம் இரண்டு மணிக்கு இலையெல்லாம் துவண்டு தொங்குவதைப் பார்த்துப் பதறிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். மாடியில் வளைந்து கிடந்த குழாய்க்குள் தேங்கியிருந்த தண்ணீர் கை வைக்க முடியாத சூடு. அதைக் கவனிக்காமல் வேரில் ஊற்றியிருக்கிறேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் நாற்றெல்லாம் சட்டியில் வதக்கிய கீரை மாதிரி கிடந்தது. மதியம் இலை துவள்வது தாகம் அல்ல, அது செடி தன்னைக் காத்துக்கொள்கிற வழி என்று பிறகுதான் தெரிந்தது. வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக இலை ஆவியாக்கிவிடும்போது அது தொங்கும். வெயில் தாழ்ந்ததும் தானே நிமிரும். காலை ஆறு மணிக்கும் துவண்டு கிடந்தால்தான் தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம். இப்போதெல்லாம் விடியற்காலையில்தான் ஊற்றுகிறேன். அப்போதும் குழாயின் முதல் வாளித் தண்ணீர் துணி அலசப் போய்விடும்.

இரண்டாவது கோடையின் பாடம் நிழலைப் பற்றியது. என்னிடம் இருந்த தோட்டப் புத்தகம் சுவருக்குத் தெற்குப் பக்கத்தில்தான் வெயில் அதிகம், வடக்குப் பக்கம் குளிர்ச்சி என்றெல்லாம் சொல்லும். அதை எழுதியவர் எந்த ஊர்க்காரரோ. மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் சூரியன் நம் நடுமண்டைக்கு மேலே வந்துவிடும். அதன்பின் ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வேளையில் அது நமக்கு வடக்கே சாய்ந்துதான் நிற்கும். ஆகவே மே மாதம் நண்பகலில் நிழல் தெற்குப் பக்கம் விழும். தை மாதத்தில் நிழலோடு இருந்த தெற்குக் கைப்பிடிச் சுவரோரம் இப்போது அடுப்படி. வடக்குச் சுவரை ஒட்டினாற்போல ஒரு சாண் நிழல் இருக்கும். ஒரே ஒரு சாண்தான். ஆனால் அந்த ஒரு சாணுக்குள் தொட்டியின் அடிப்பாகம் இருந்தால் வேர் பிழைத்துக்கொள்ளும். மேலே இலை எவ்வளவு காய்ந்தாலும் வேர் சூடேறாமல் இருந்தால் செடி சாகாது. சித்திரை முதல் வாரத்தில் செடிப் பைகளையெல்லாம் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துவது எனக்கு இப்போது வருஷாந்தரச் சடங்கு. இடுப்பு இரண்டு நாள் வலிக்கும்.

உச்சி வெயிலைவிடப் பொல்லாதது மேற்கு வெயில். மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரை சாய்வாக வந்து பையின் பக்கவாட்டில் அறையும். கறுப்புத் தொட்டி என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் மேற்கு ஓரத்தில் மட்டும் ஐம்பது சதவீத நிழல்வலையைத் திரைச்சீலை மாதிரி தொங்கவிட்டேன். தொட்டிகளைச் சுற்றிப் பழைய சணல் சாக்கைக் கட்டினேன். தரைச்சூடு ஏறாமல் இருக்க அடியில் இரண்டிரண்டு செங்கல். கிழக்குப் பாதி திறந்தவெளியாக அத்தை கைக்குப் போயிற்று. மாடிச் சண்டை அந்த வருஷம் ஒப்பந்தத்தில் முடிந்தது.

மூன்றாவது பாடம் கலயம். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

மானாமதுரையில் கடம் செய்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே அடுப்பு, பானை, அகல் என்று சக்கரத்தில் சுற்றாத பொருளில்லை. ஒரு முறை குடிதண்ணீர்ப் பானை வாங்கப் போனவள், மூன்று லிட்டர் பிடிக்கிற சின்னக் கலயங்களாக எட்டு வாங்கி வந்தேன். வண்ணம் பூசாத, மெருகேற்றாத வெறும் சுட்ட மண். மெருகேற்றியது இதற்கு உதவாது. தண்ணீர் கசிய வேண்டும் என்பதுதான் முழு விஷயமுமே. பெரிய பையின் நடுவில் கழுத்து வரை கலயத்தைப் புதைத்துத் தண்ணீர் நிரப்பி, வாயை ஓட்டுத் துண்டால் மூடிவிட வேண்டும். சுற்றிலும் செடி. மண் காய்ந்தால் கலயத்திலிருந்து தண்ணீர் கசியும். மண் ஈரமாக இருந்தால் கசிவு தானே மட்டுப்படும். செடி கேட்டதற்குத்தான் கொடுக்கும். பானைப் பாசனம் என்று இதைச் சொல்கிறார்கள். பழைய முறைதான், நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு வருஷம் கழித்துத் தோண்டிப் பார்த்தபோது கத்திரி வேர் கலயத்தைச் சுற்றி வலைப்பின்னலாக, சடை பின்னிய மாதிரி அணைத்துக்கொண்டு இருந்தது. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம். வருஷம் ஒரு முறை கலயத்தை வெளியே எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்து வெயிலில் காயவைக்காவிட்டால் துளை அடைத்துக்கொள்ளும்.

மாசியில் ஒரு கலயத் தண்ணீர் நாலு நாள் வரும். சித்திரையில் மூன்று. கத்திரி வெயிலில் இரண்டே நாள். இந்தக் கணக்குதான் என் கோடையை நடத்துகிறது. என்ன வளர்ப்பது, என்ன சாப்பிடுவது, எவ்வளவு தூரம் போய்வருவது எல்லாம் இதற்குள்தான்.

கலயம் மட்டும் போதாது, மூடாக்கும் வேண்டும். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன சொல் இது. வேப்பஞ்சருகு, கரும்புச் சக்கை, தேங்காய் மட்டை, எது கிடைத்தாலும் மூன்று விரற்கடை கனத்துக்கு மண்மேல் பரப்பிவிடுவேன். மூடாமல் விட்ட பையில் செம்மண்ணும் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த கலவை காய்ந்து சுருங்கி, ஓரத்தில் இடைவெளி விட்டுவிடும். அப்புறம் எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் அந்தச் சந்து வழியாக ஓடித் தரையில்தான் நிற்கும். மேலே பார்த்தால் ஈரம், உள்ளே வறட்சி. இரண்டு விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தால்தான் தெரியும். அப்படி ஆகிவிட்டால் பையைத் தூக்கி ஒரு தொட்டித் தண்ணீரில் அரைமணி நேரம் உட்காரவைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எதை வளர்ப்பது என்பதில் நான் இப்போது பிடிவாதக்காரி. தக்காளிக்காக மே மாதத்தில் அழுது பயனில்லை. இரவும் புழுங்குகிற நாட்களில் மகரந்தம் கெட்டுப் பூ காயாகாமல் உதிர்ந்துவிடும்; உரம் போட்டாலும் உதிரும், பாட்டுப் பாடினாலும் உதிரும். வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, கொடிப்பசலை, மணத்தக்காளி ஆகியவை வெயிலோடு வாழத் தெரிந்தவை. கொத்தவரை இந்த வெயிலில்கூடச் சிரித்துக்கொண்டு நிற்கும். வேலியோரம் கோவைக்காய்க் குச்சி ஒன்றை ஊன்றிவிட்டால், வருஷக்கணக்கில் விடாது.

பூச்சியில் இரண்டு பேர் கோடைக்கென்றே வருவார்கள். வெண்டை இலையின் அடியில் செஞ்சிலந்தி, செம்பருத்தியில் மாவுப்பூச்சி. இரண்டுக்கும் என் முதல் மருந்து காலையில் இலையின் அடிப்பக்கத்தில் வேகமாகப் பீய்ச்சுகிற தண்ணீர்தான். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு மட்டும். வெயிலில் அடித்தால் இலை கருகும். இதற்கு மேல் போவதில்லை. 2008இல் கோவைப் பக்கம் முதலில் தென்பட்டுப் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று வாரிச் சுருட்டிய பப்பாளி மாவுப்பூச்சியை ஞாபகம் இருப்பவர்களுக்குக் காரணம் தெரியும். தெளித்த விஷமெல்லாம் தோற்றது. 2010இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து கொண்டுவந்து விட்ட எள்ளளவுகூட இல்லாத குளவிகள்தாம் அதை அடக்கின. நம் மாடியிலும் அப்படி யாராவது கண்ணுக்குத் தெரியாமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம். அவரையும் சேர்த்துக் கொல்வானேன்?

இனி அத்தையின் பாதி மாடிக்கு வருகிறேன்.

கூழ் வடகம் போடுகிற அன்று வீடு நாலு மணிக்கு எழுந்துவிடும். முந்தின நாளே ஊறிய ஜவ்வரிசி, அரிசி மாவு, அரைத்த பச்சைமிளகாய், சீரகம், பெருங்காயம். கூழ் கண்ணாடி மாதிரி ஆகிக் கரண்டியிலிருந்து இழுபடாமல் விழ வேண்டும். உப்பு மட்டும் நாக்குக்குக் குறைவாகத் தெரிய வேண்டும்; காய்ந்து சுருங்கும்போது அது தானே ஏறிக்கொள்ளும். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் தவறுகிற இடம் இதுதான், நானும் தவறியிருக்கிறேன். ஆறியபின் எலுமிச்சைச் சாறு. நனைத்துப் பிழிந்த பழைய வேட்டியை விரித்து நாலு மூலைக்கும் நாலு பூந்தொட்டி. இந்த இடத்தில் மட்டும் என் தோட்டம் அத்தைக்கு உதவும். ஏழரை மணிக்குள் கரண்டி கரண்டியாக ஊற்றி முடித்துவிட வேண்டும். அதற்குமேல் தரை சுடும்.

காக்கைக்குக் கறுப்புக் குடை ஒன்றை விரித்து வைப்போம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் காவலுக்கு வைத்தால் காக்கையைவிட அதிகம் போய்விடும். மதியம் மேலே காய்ந்து உள்ளே மெத்தென்று இருக்கிற அரைக்காய்ச்சல் வடகத்துக்கு ஈடான பண்டத்தை நான் எந்தக் கடையிலும் தின்றதில்லை. சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் சொன்னபடி கழன்று வரும். மறுநாள் முறத்தில் காய்ச்சல். உதறினால் கலகலவென்று சத்தம் கேட்டால் டப்பாவுக்குப் போகலாம். மோர்மிளகாய்க்கு இன்னும் பொறுமை வேண்டும். கீறிய மிளகாய் இரவெல்லாம் உப்பு மோரில் ஊறும். பகலெல்லாம் வெயிலில் காயும். மோர் தீரும்வரை இந்தப் போக்குவரத்து நடக்கும். என் செடியில் மிஞ்சிய கொத்தவரையும் சுண்டையும் மணத்தக்காளியும் இதே பாதி மாடியில்தான் வற்றலாகின்றன. நான் விரட்டப் பார்த்த வெயிலில் அத்தை மழைக்காலச் சமையலைச் செய்துகொண்டிருந்தார் என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது.

வடகம் காய்கிற மாதத்தில் அடுப்பு எட்டு மணிக்கு அணைந்துவிடும். மதியத்துக்குப் பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம், ஒரு மோர்மிளகாய். ஜிகர்தண்டாவை ஊரின் பெருமை என்று மதிக்கிறேன். விருந்தாளி வந்தால் அழைத்துப் போகிறேன். தாகத்துக்கு மட்டும் அதைக் குடிக்க மாட்டேன். தாகத்துக்கு நுங்கு. எங்கள் தெருமுனையில் சித்திரை பூராவும் ஒரு பெரியவர் பனங்குலையோடு உட்கார்ந்திருப்பார். நான் அவசரப்பட்டு ஒரு காயைக் கை காட்டினால், "அது கடுக்காய் ஆயிருச்சு தாயி, வயித்துக்கு ஆகாது, இத வாங்கிக்க" என்று தள்ளிவைப்பார். முற்றிய நுங்கைக் கடுக்காய் என்பது இந்தப் பக்கத்துப் பேச்சு. இளசு என்றால் கண்ணுக்குள் விரல் விட்டதும் தண்ணீர் பீறிடும். மேல்தோலை உரித்து வெள்ளையாகச் சாப்பிடுவது நாகரிகம்; அந்தத் துவர்ப்போடு சாப்பிடுவதுதான் சுவை. விடிந்ததும் வந்தால் பதநீரும் கிடைக்கும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கியது, பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடிக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் கிடைப்பதை வாங்காதீர்கள். வெட்டிப் போட்ட நுங்கு மட்டைகளை மாட்டுக்காரர் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியதைச் சாக்கில் கட்டி வருவேன். துண்டு போட்டால் அதுவும் மூடாக்கு.

வெளியூர்ப் பயணம் என்றால் எங்களுக்கு இரண்டு நாள்தான். கலயம் அதற்குமேல் தாங்காது. பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகலாமே என்பார்கள். போய்ப் பார்த்தாயிற்று. அன்பு மிகுந்து காலையும் மாலையும் ஊற்றி, வேர் அழுகி ஆறு செடி போயிற்று. கொடைக்கானலுக்குக் கோடையில் போவதை விட்டுவிட்டேன். 2024 மே 7இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி அங்கேயும் ஊட்டிக்கும் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. மலையே தாங்காமல்தானே நீதிமன்றம் வரை போனது? எங்களுக்குச் சிறுமலை போதும். திண்டுக்கல் போய்ப் பேருந்து மாறினால் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. எட்டாவது வளைவில் காதுக்குள் காற்று மாறும். குளிர் என்று சொல்ல முடியாது. ஆனால் மதியம் விசிறி இல்லாமல் உட்காரலாம். அதற்கு மேல் என்ன வேண்டும்?

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் சிறுமலைக்குப் போக வேண்டாம். ஒரு சின்ன ஏரி, படகு, அவ்வளவுதான். எனக்கு அங்கே பார்க்க இருப்பது தோட்டங்கள். மேலே பலாவும் சில்வர் ஓக்கும், அவற்றின் உடம்பில் ஏறிய மிளகு, அடியில் காப்பி, இடையில் எலுமிச்சை, வாழை. ஒன்றின் நிழலில் ஒன்று. மூட்டையைச் சுமந்து மட்டக்குதிரைகள் ஒற்றையடிப் பாதையில் இறங்கி வரும். சிறுமலை வாழைப்பழம் பார்க்க அழகாக இருக்காது. தோல் தடித்து, கோணலாக, பழுத்தும் கெட்டியாக இருக்கும், சீக்கிரம் கசியாது. 1970களில் அசுவினி பரப்பிய முடிக்கொத்து நோய் இந்த மலையின் வாழையைப் பெரும்பாலும் துடைத்துவிட்டது. மிஞ்சியதைப் பிடித்து வைத்து மீட்டார்கள். 2008இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. போன தடவை தோட்டக்காரர் ஒருவரிடம், "அண்ணே, வெயிலுக்கு வலை எதுவும் கட்ட மாட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் பலா மரத்தைக் காட்டிச் சிரித்தார். "இதவிடவா?"

அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் மேற்கு ஓரத்து நிழல்வலையில் பாதியைக் கழற்றிவிட்டுக் கம்பி கட்டிக் கோவைக்கொடியை ஏற்றினேன். ஒரு வருஷத்தில் பந்தல் மூடிக்கொண்டது. வலைக்கு நிழல் மட்டும்தான் தெரியும். பந்தலடியில் ஒரு குளிர்ச்சி இருக்கிறது, காயும் இருக்கிறது. அதன் கீழே பருப்புக்கீரை மே மாதத்திலும் வருகிறது.

இந்த வருஷம் சிறுமலையில் இருந்த ராத்திரி மதுரையில் கோடை மழை கொட்டியிருக்கிறது. அத்தை போனில் பேசிய குரலிலேயே தெரிந்தது. "ஒன் செடிக்குப் பெஞ்ச மழையில என் வடகம் போச்சு. சந்தோஷமா?" முறத்தோடு மாடியில் மறந்துவிட்டாராம். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் ஒரு சீப்பு மலைவாழையோடு வந்து இறங்கினேன். அத்தை ஒரு பழத்தை உரித்துக்கொண்டே, "நாளைக்கு வெயில் அடிக்கும், திரும்பப் போட்டுருவோம். நாலு மணிக்கு எந்திரி" என்றார்.

மாடிக்குப் போய்க் கலயங்களின் மூடியைத் திறந்து பார்த்தேன். எட்டிலும் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது. இரண்டு நாள் பறிக்காமல் விட்ட வெண்டை ஒரு முழம் நீண்டு நாராக முற்றியிருந்தது. அதைச் செடியிலேயே விட்டுவிட்டேன். காய்ந்ததும் விதைக்கு ஆகும். ஆடிப்பட்டத்துக்கு இன்னும் ஐம்பது நாள் இருக்கிறது. எங்களுக்குப் போக விதை மிஞ்சும். எங்கள் பக்கம் வந்தால் ஒரு பிடி வாங்கிக்கொண்டு போங்கள்.